மூன்றாம் கூப்பாடு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உச்சி வெயிலில் யாராவது வெளியிலிருந்து கூப்பிட்டால் உடனே 'ஏன்' என்று கேட்கக் கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். முனியோ பேயோ இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவதாகக் கூப்பிடுவது மனுசர்தான் என்று கணக்கு. நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பேய்க்குப் பயப்படாதே என்று கோயிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வருவோம், மறுநாள் மத்தியானம் யாராவது கூப்பிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பைபிளில், ஆலயத்தில் படுத்திருந்த சிறுவனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதை எனக்கு மனப்பாடம். அந்தச் சிறுவன் எங்கள் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் பிறந்திருந்தால், முதல் இரண்டு கூப்பாட்டுக்கும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடியிருப்பான்.

என் வீட்டுக்காரருக்கு மணியாச்சியில் தண்டவாள வேலை. வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டு வாசலில் நின்று "ஏட்டி" என்றால் புஞ்சையின் அந்தக் கடைசியில் நிற்கிற எனக்குக் கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். போன வருசம் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், பேச்சு மட்டும் வரவில்லை. சொல்வதெல்லாம் புரியும், ஆமாம் இல்லை என்று தலையாட்டுவார். வாயிலிருந்து காற்றுதான் வரும்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் ஆண்டவருக்கும் நேரடிப் பேச்சு ஆரம்பித்தது. அதுவரை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து சொன்னதுதான் என் ஜெபம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறை, அதில் கட்டில் போட்டு அவர் கிடக்கிறார். நான் அழுது ஜெபித்தால் அவரும் அழுவார். அதனால் புஞ்சையை என் அறையாக வைத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்று வாய்விட்டுப் பேசுவேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, குழாயடிச் சண்டைதான். "உமக்கு என்ன கேடு வந்தது? ஊரை அடித்து உலையில் போடுகிறவனெல்லாம் கணீரென்று பேசுகிறான், இந்த மனுசன் குரலைப் பிடுங்கி என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்பேன். கடைசியில் அழுகை வந்துவிடும். "முழுப் பேச்சும் வேண்டாம். ஒரே ஒரு தரம் அந்த 'ஏட்டி' காதில் விழுந்தால் போதும்" என்று முடிப்பேன். தினமும் இதே பாட்டுத்தான்.

பங்குனியில் ஒருநாள். மிளகாய் கடைசிப் பறிப்பு. கரிசல் வாய்பிளக்க ஆரம்பித்திருந்தது. காற்று செத்துப்போய், தூரத்துக் காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. பக்கத்துத் தரிசில் ஆடு மேய்க்கிற பெண், என்னை மதினி என்று கூப்பிடுகிறவள், ஆடுகளை விட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப் போயிருந்தாள். வெயில் தாங்காமல் ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைச் செருகி வட்டமாக நின்றன. நான் வழக்கம்போலச் சண்டையை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

"ஏட்டி."

அவர் குரல். இழுப்பு வந்த பிறகு வருகிற வெறுங்காற்று இல்லை, பழைய குரல். ஆனால் வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், ஒரு மரம்கூட இல்லாத வெறுங்காட்டிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கானல் ஓடிக்கொண்டிருந்தது, ஆளில்லை. ஆடுகள் அத்தனையும் தலையை வெளியே எடுத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏட்டி."

வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினேன். கையில் இருந்த மிளகாய் நசுங்கி விரலெல்லாம் எரிந்தது. மூன்றாவது வரட்டும், மூன்றாவது வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். வரவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலையை மறுபடியும் செருகிக்கொண்டன. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, மிளகாய்ச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலையில் சாய்த்து உட்கார வைத்தபடியே இருந்தார். முகம் மட்டும் பின்சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அந்தச் சன்னலைத் திறந்தால் அதே வெறுங்காடுதான் தெரியும்.

"ஏங்க, நீங்களா கூப்ட்டீங்க?"

இல்லை என்று தலையசைத்தார்.

"பின்ன யாரு கூப்ட்டா? ஒங்க சத்தந்தானே கேட்டுச்சு!"

இடது கையை மெதுவாகத் தூக்கினார். முதலில் தன் காதைத் தொட்டார். பிறகு விரலை நீட்டிச் சன்னலைக் காட்டினார். தன் குரல் தனக்கு வெளியே நடமாடுவதைக் கேட்டவரின் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டுக்காரியிடம் சொன்னபோது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "முனிதான் மதினி. வாயத் தொறக்காம நின்னீயளே, தப்பிச்சிய." போதகரிடமும் சொன்னேன். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "ஆண்டவருன்னும் சொல்லலாம்மா, வெயிலுன்னும் சொல்லலாம். எனக்குத் தெரியல" என்றார். வெயில் எனக்கு மட்டும் அடித்திருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன். நிழலில் உட்கார்ந்திருந்த மனுசன் காதிலும் அது எப்படி விழுந்தது?

பயம் இன்னும் போகவில்லை, இதை மறைப்பானேன். முனி என்றால் பயம், ஆண்டவர் என்றால் அதைவிடப் பயம். நான் என்ன வார்த்தை கேட்டேனோ அதே வார்த்தையை, யார் குரலில் கேட்டேனோ அதே குரலில் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்றால், நான் இத்தனை நாள் போட்ட சண்டையை எவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்! என் வீட்டுக்காரர் வாயால் என்று நான் கேட்கவும் இல்லையே. காதில் விழுந்தால் போதும் என்றுதான் சொன்னேன்.

இப்போது மத்தியான ஜெபம் புஞ்சையில் இல்லை, வீட்டில்தான். அவர் அழுதால் அழட்டும், நானும் அழுகிறேன். கட்டிலைச் சன்னலோரம் நகர்த்திப் போட்டு, இரண்டு பேரும் வெறுங்காட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். அதிகம் பேசுவதில்லை, காது கொடுத்துக்கொண்டு இருக்கிறோம். ஆடுகள் தலையைத் தூக்கினால் அவர் என் கையை இறுக்கிப் பிடிப்பார். இனி ஒரு கூப்பாடு வந்தால் மூன்றாவதுக்கு நான் காத்திருக்கப் போவதில்லை. கூப்பிடுவது யாராக இருந்தாலும், இந்த வீட்டில் பதில் சொல்ல வாய் இருப்பது எனக்கு மட்டும்தான்.