சின்னக் கண் டிரைவர்

அரியலூரிலிருந்து திருமானூர் போகும் பஸ்ஸில் ஒரு சிமெண்ட் லாரி டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தடித்த மீசை, சின்னக் கண்கள். அந்தக் கண்களை அடிக்கடி அகல விரித்துக்கொண்டார்.

“கண்ணு எரியுதாங்க?” என்றேன்.

“இல்லைங்க. லாரில மூஞ்சிக்கு நேரா கேமரா வச்சுட்டாங்க. கண்ணு சொருகுனா கத்தும், ஆபீசுக்கும் தகவல் போயிடும்.”

“நல்லதுதானே? உயிருக்குப் பாதுகாப்பு.”

“நல்லதுதாங்க. ஆனா எனக்குப் பொறவியிலயே சின்னக் கண்ணு. சிரிச்சாக்கூடத் தூங்குறேன்னு கத்துது. கூப்பிட்டு எச்சரிச்சுட்டாங்க. இன்னொரு தடவைன்னா வேலை போயிடும். பயமா இருக்குங்க.”

அப்போது கண்டக்டர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது. கண்கள் இமைக்காமல் அகல விரிந்திருந்தன.

அந்த பஸ்ஸில் கேமராவே கிடையாது.