படுக்க வைத்த ராஜா

பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் எனக்கு உடம்பெல்லாம் வலி. கிரிவலம் வந்தவர்கள் அறையைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போன ஈரத் துண்டும் கசங்கிய பெட்ஷீட்டும் எனக்கு. செங்கம் ரோட்டில் அப்பா கட்டிய அறைகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நான் இந்த மாவட்டத்தின் செஸ் சாம்பியன் என்று சொன்னால் அறைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

அப்படியொன்றும் பெரிய சாதனையும் இல்லை அது. எண்பத்தொன்பதில்தான் எங்கள் மாவட்டமே தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் எந்தப் போட்டி என்றாலும் வேலூருக்கு ஓட வேண்டும். புது மாவட்டத்தில் செஸ் ஆடும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேருக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்பதிலேயே சந்தேகம். ராணி போனதுமே அவர்களாகத் தோல்வியை ஒத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நான் ஜெயித்தேன். அவ்வளவுதான்.

மாவட்டம் பிரிந்த அதே வருஷம்தான் எங்கள் அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு செஸ் பலகையையும் தடிப் புத்தகம் ஒன்றையும் விட்டுப்போனார். தியானம் பண்ண வந்த இடத்தில் அது மனசைக் கலைக்கிறதாம். கலைந்த மனசை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார். புத்தகம் முழுக்கப் பழைய உலக சாம்பியன்களின் ஆட்டங்கள். அண்ணன் அப்போது பிளஸ் டூ, நான் பத்தாவது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு காயாக நகர்த்தி நாங்களே கற்றுக்கொண்டோம். பொழுதன்னிக்கும் கட்டையை நவுத்திகினு கிடக்கிறோம் என்று அப்பா கத்திக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டுச் செஸ்ஸுக்கு ஒரு முறை இருந்தது. சாம்பியன்கள் ஆடிய ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அப்படியே ஆடுவோம். ஜெயித்தவர் பக்கம் எப்போதும் அண்ணன். மூத்தவனாம். தோற்றவர் பக்கம் நான். புத்தகத்தில் எங்கே ஆட்டம் முடிகிறதோ அங்கே எங்கள் ஆட்டமும் முடிந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் செக்மேட் ஆகும்வரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நாங்களும் அதையே மரியாதை என்று எடுத்துக்கொண்டோம். கடைசி வரி வந்ததும் நான் என் ராஜாவைப் பலகையில் படுக்க வைப்பேன். அண்ணன் கை கொடுப்பான். ஒரு ஆட்டத்தை முழுசாக முடிப்பது எப்படி என்று எங்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை.

அதில் ஒரு ஆட்டம் எனக்கு மனப்பாடம். ஒரு பழைய சாம்பியன் கறுப்புக் காயில் ஆடிப் பட்டத்தைப் பறிகொடுத்த ஆட்டம். ஏனோ அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். கடைசியில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று ராணியாவதற்கு இன்னும் ஒரே கட்டம் இருக்கும். கறுப்பிடம் யானையும் குதிரையும் ஒரு சிப்பாயும் இருந்தும் தடுக்க வழியிருக்காது. அவர் ராஜாவைப் படுக்க வைத்துவிடுவார். அவருக்காக நான் எத்தனை முறை அதைப் படுக்க வைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

நான் பிளஸ் டூ வந்தபோது மாவட்ட சாம்பியன் என்று சொல்லி என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள், மாநில அணித் தேர்வுக்கு. அணியில் இடம் கிடைத்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட். நான் வாங்கப்போகும் மார்க்குக்கு வேறு வழியில் அது கிடைக்காது. எனக்கு அந்தப் படிப்பின் மேல் பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன். இந்த அறைகளையும் பெட்ஷீட்டையும் விட்டு வெளியே போக வேண்டும், ஹாஸ்டலில் எனக்கென்று ஒரு கட்டில் வேண்டும், அதுதான் ஆசை.

துணைக்கு வந்திருந்த அண்ணன் கடைசி ஆட்டத்துக்கு முன் கணக்குப் பார்த்து, டிரா பண்ணினால் கூடப் போதும், அரைப் புள்ளி வந்தால் அணியில் இடம் உறுதி என்றான்.

எதிரே சென்னைப் பெண் ஒருத்தி. ரெட்டைச் சடை, பக்கத்தில் வாட்டர் பாட்டில். அவளுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. ஆரம்பத்தில் அவள் வைத்த நகர்வுகள் எனக்குப் பழக்கமானவை. தெரிந்த தெருவில் நடப்பது மாதிரி சந்தோஷமாக இருந்தது. என் கையும் பழகிய வழியிலேயே போனது. அவள் வீட்டிலும் ஏதோ ஒரு புத்தகம் இருந்திருக்கும் போல. பாதியில்தான் எனக்கு உறைத்தது, இது அந்த ஆட்டம், நான் தோற்றவர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று. மாற்றி ஆடியிருக்கலாம். ஆனால் அந்தச் சாம்பியனை விட எனக்கு என்ன பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன். அவள் எங்காவது தப்பு பண்ணுவாள் என்று காத்திருந்தேன். அவள் பண்ணவில்லை.

வெள்ளைச் சிப்பாய் அந்தக் கட்டத்துக்கு வந்து நின்றது. நான் ராஜாவைப் படுக்க வைத்துக் கை நீட்டினேன்.

அந்தப் பெண் கையை உடனே கொடுக்கவில்லை. என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவசரமாகக் கை கொடுத்தாள். திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி செஞ்சி வரும்வரை அண்ணன் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். எனக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்து நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

அப்புறம் எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அண்ணன் அவன் மார்க்கிலேயே படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போனான். நான் உள்ளூர்க் காலேஜில் பி.காம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அறைகள் என் தலையில் விழுந்தன. கிரிவலக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியானது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுப்புதான்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அறை கேட்டு வெளிநாட்டிலிருந்து மெயில் வர ஆரம்பித்தது. அதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினோம். கடைக்காரர் அதில் ஒரு செஸ் புரோகிராமும் போட்டுக்கொடுத்திருந்தார். ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்தக் கடைசி நிலையை அதில் வைத்துப் பார்த்தேன். என்ன செய்யலாம் என்று கேட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் கறுப்பு ஜெயிக்கிறது என்று காட்டியது.

குதிரையைத் தூக்கிக் கொடுத்து ஒரு செக். வெள்ளை ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் யானையால் இன்னொரு செக். ராஜா விலகியதும் யானை அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் போய் நின்றுவிடும். அப்புறம் சிப்பாய் தப்பாது. இவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அழுகை வரவில்லை. உலக சாம்பியன் கண்ணுக்கே தப்பியது என் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ஒரு மாசம் தாங்கியது.

அடுத்த பௌர்ணமிக்கு அண்ணன் கிரிவலம் வந்தான். மறுநாள் மத்தியானம் மாடியில் பெட்ஷீட் காயப்போட்டுவிட்டு வந்து, பழைய பலகையை எடுத்து அவனுக்குக் குதிரை நகர்வைக் காட்டினேன். ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் காலில் இருந்த கொப்புளத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"இது எனக்கு அப்பவே தெரியும்மா" என்றான்.

எப்போது என்று கேட்டேன்.

"மெட்ராஸ் போறதுக்கு முன்னாடியே. நான் வெள்ளைப் பக்கம்தானே உக்காந்துனு இருந்தேன். அங்கேர்ந்து பாத்தா தெரிஞ்சிது. நீ அத பாத்துட்டா நான் தோத்துடுவேன். அதான் சும்மா இருந்துட்டேன். அது போய் அங்க வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

செஞ்சி வரைக்கும் ஜன்னலைப் பார்த்த முகம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் எதிரே இருந்தது முடி கொட்டி, கொப்புளம் வந்த காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். அவனைப் போட்டு என்ன திட்டுவது. உட்காரு என்று மட்டும் சொன்னேன். காய்களை அந்த நிலையில் வைத்தேன். குதிரையைக் கொடுத்தேன். யானையால் செக் வைத்தேன். அவன் சிப்பாய் போனது.

நாலு நகர்வு தாண்டியதும் அவன் கை ராஜாவை நோக்கிப் போனது. "சரி, நீ ஜெயிச்சிட்ட."

"படுக்க வைக்காத. கடைசி வரைக்கும் ஆடு."

ஆடினான். அவனுடைய மற்றச் சிப்பாய்களையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். என் சிப்பாய் போய் ராணியானது. அவனிடம் மிஞ்சியது தனி ராஜா. இனி முடிக்க வேண்டியதுதான். முடித்துத்தான் எனக்குப் பழக்கமில்லையே. ராணியை வைத்து அவன் ராஜாவை மூலை மூலையாக விரட்டினேன். வாசலில் யாரோ அறை இருக்கிறதா என்று குரல் கொடுத்தார்கள். நான் எழுந்து போகவில்லை. மூலைக்கு வந்ததும் ராணியை ஒரு கட்டம் நெருக்கி வைத்தேன்.

அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் அது நகர ஒரு கட்டமும் இல்லை.

"டிரா" என்றான் மெதுவாக.

அந்த அரைப் புள்ளிதான் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது.