எட்டுத் தலையணையிலும் ஒரே பிழை

1. குடை பிடித்த இடம்

1954 ஜூலை 5, திங்கட்கிழமை. காலையில் ரேந்தை அறையைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, எட்டுத் தலையணைகளையும் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி வைத்தேன். நூல் கொடுத்தேன். பத்து மணிக்கு வேதவாசிப்பு. மதியம் கஞ்சி குடித்த பிறகு தொடர்கதை.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சபை நடத்திய ரேந்தை அறையில் நான் வாசிப்புக்காரி. ரேந்தை என்பது கைக்குட்டைக்கு வைக்கிற வெள்ளை நூல் பூவிளிம்பு. உருண்டைத் தலையணைமேல் மாதிரித்தாளைச் சுற்றி, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். எட்டுப் பேரும் பின்னும்போது ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். வெளியே மழை பெய்கிறதா, உள்ளே குச்சி பேசுகிறதா என்று சில நாள் எனக்கே தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் வாசிக்க வேண்டும்.

கதை மெட்ராஸ் வாரப்பத்திரிகையில் வந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் திங்கள்தோறும் எங்களுக்கு வரும். கதாநாயகி மங்களம் விதவை. பட்டணத்தை விட்டு, மாமா விட்டுப்போன மலையடிவாரத் தோப்புக்குக் குடிவருகிறாள். கிணறு தூர்ந்திருக்கிறது. பக்கத்துத் தோப்புக்காரர் அதிகம் பேசாமல் தூரெடுத்துக் கொடுக்கிறார். அன்றைய அத்தியாயத்தில் அவர் மழையில் அவளுக்குக் குடை பிடித்தார்.

மாலையில் போதகரின் மனைவி வந்தார். கொச்சம்மா என்று அழைப்போம். அறை அவர் பொறுப்பு. ஒவ்வொரு தலையணையாகக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இது என்னவாக்கும்? எட்டுப் பேருக்கும் ஒரே மூலையில ஒரே குச்சி தப்பியிருக்கு. பேசிவச்சு செய்தியளா?"

மூத்தவளான ஏலியக்கா சொன்னாள்: "அங்கன வச்சாக்கும் கொச்சம்மா, அவரு குடை பிடிச்சது. கை என்ன செய்யும், பாவம்?"

கொச்சம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மக்கா, ஓரம் நேரா ஓடும்போ காதலை வாசி. மூலை திரும்பும்போ தோப்பு, வாய்க்கால், காத்து, அது மாதிரி உள்ளதை வாசி. அவியளுக்கு குச்சி எண்ணணும்."

அன்றிலிருந்து புத்தகத்தைப் பார்த்தபடியே கைகளையும் பார்க்கப் பழகினேன்.

2. ரோசம்மாளின் பதில்

ஜன்னலோரம் ரோசம்மாள் இருந்தாள். புருஷன் இறந்து மூன்று வருடம். அண்ணன் வீட்டில் விடியுமுன் மாட்டுத்தொழுவம், பிறகு எங்கள் அறை, பிறகு மறுபடி அண்ணன் வீட்டு அடுப்பு. வெள்ளறடையில் மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் ரப்பர் மரமும் வைத்திருந்த செல்லையன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதில் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு விருப்பமில்லை. வீட்டில் ஒரு ஆள் குறையும்.

"நீ என்ன சொல்லப்போற பிள்ளே?" என்று கேட்டால், "மங்களம் என்ன செய்யுதான்னு பாத்துட்டு சொல்லுதேன்" என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னபோது அவள் கை நின்றுவிட்டதைப் பார்த்தேன். மங்களத்துக்கும் இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் மிச்சம். அவள் தோப்பில் தங்குவாளா, பட்டணத்துக்குத் திரும்புவாளா என்று அதில் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை, 12ஆம் தேதி, பத்திரிகை வரவில்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டம் சூடாகி பஸ் நின்றுபோயிருந்தது. கோடு எங்கே விழும், யார் எந்தப் பக்கம் போவோம் என்று எல்லா வாயிலும் அதே பேச்சு.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை.

3. வியாழக்கிழமை

"டீச்சரே, நீங்களே முடிச்சுச் சொல்லுங்க" என்றார்கள்.

"எழுதாததை நான் எப்படி வாசிக்க?"

"அப்ப நாங்க சொல்லுதோம்" என்றாள் ஏலியக்கா. ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி மங்களத்துக்கு இரட்டைப் பிள்ளை கொடுத்தாள். ஒருத்தி தோப்புக்காரருக்கு ஒரு பசுவும் காரும் வாங்கிக் கொடுத்தாள். மழை மெல்ல விழுந்தது. மங்களத்தின் தோப்பு ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது, எழுந்து நடந்தால் போய்விடலாம் என்று தோன்றிற்று.

ரோசம்மாள் முறை வந்தது. மூலை திரும்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"அவ தங்குவா. ஆனா அவருக்க கிணத்துக்கும் அடுப்புக்கும் ஆள் வேணும்னு தங்கமாட்டா. அவளுக்க தொழிலும் அவளுக்க கூட வரும். முதல்ல அதைக் கேப்பா. கேட்டுட்டுத்தான் தங்குவா."

அப்போது ஏலியக்கா, "வாசல்ல ஆராக்கும்?" என்றாள்.

பலா மரத்தடியில் செல்லையன் நின்றார். பஸ் இல்லாததால் வெள்ளறடையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை செம்மண். கையிலிருந்த குடையும் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அறை முழுக்கக் குச்சிகள் தடுமாறின. ரோசம்மாளின் குச்சிகள் மட்டும் நிதானமாக ஓடின. மூலையை முடித்து, கடைசிக் குண்டூசியைக் குத்திவிட்டுத்தான் எழுந்தாள். வாசல்படியில் நின்று கேட்டாள்.

"எனக்க தலையணைய வைக்க வெளிச்சம் உள்ள ஜன்னல் உண்டா அங்க?"

அவர் சொன்னார்: "கிழக்க ஒண்ணு உண்டு. பலகை அடிச்சிருக்கு. பறிச்சுடலாம்."

"எனக்க கூலி எனக்காக்கும்."

"பின்னே ஆருக்கு?"

உள்ளேயிருந்து ஏலியக்கா: "பிள்ளே, அந்த ஜன்னலு எந்த ராஜ்யத்துல வரும்னு கேட்டுக்கிட்டியா?"

"தெரியாதுக்கா. வெயிலு வரும். அது தெரியும்" என்றார் செல்லையன்.

ரோசம்மாள் அப்போதுதான் சிரித்தாள். "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து அண்ணன்கிட்ட பேசுங்க. எனக்கு சம்மதமாக்கும்."

பஸ் மறுபடி ஓடியபோது கடைசி அத்தியாயம் வந்தது. மங்களம் தங்கினாள். ஆனால் ஜன்னலைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று ஏலியக்காவுக்கு வெகுநாள் குறை. பிற்காலத்தில் கோடு விழுந்தபோது எங்கள் அறை தமிழ்நாட்டிலும் அந்தக் கிழக்கு ஜன்னல் கேரளத்திலும் இருந்தன. ரோசம்மாள் அதன் கீழே உட்கார்ந்து எங்களுக்கே பின்னித் தந்தாள்.

வாசிக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். வாசிக்கையில் கேட்பவர் கையைப் பாருங்கள். கதை யாரைப் போய்த் தொட்டது, யார் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

செல்லையன் வந்துபோன மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஏழு தலையணைகளிலும் முந்தின நாள் மூலையைப் பிரித்தோம். ஏழிலும் ஒரே இடத்தில் குச்சி தப்பியிருந்தது. எட்டாவதில் பிரிக்க ஒன்றுமில்லை.