விளிம்புக்கு வரும் டம்ளர்

தாராவியில் பழைய லேத் மெஷின் ஒன்றை வாங்கப் போயிருந்தேன். கீழே பட்டறை, மேலே வீடு. விற்றவர் நைட்டிமேல் துண்டு போட்ட ஓர் அக்கா. வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து லேத் ஓடவில்லையாம். ஆனாலும் மாடியில் எனக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டே, அலமாரித் தட்டிலிருந்த டம்ளர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"லேத் ஓடுச்சுன்னா அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்துரும். கை பழகிட்டு, தம்பி."

டெம்போ வந்ததும், "ஏத்துறதுக்கு முன்னால ஒருக்க ஓட்டுங்களேன்" என்றார்.

ஓடவிட்டு மேலே வந்தேன். அக்கா அலமாரி முன்னால் அசையாமல் நின்றிருந்தார். ஒரு டம்ளர் நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. பிடிக்கக் கை நீட்டினேன்.

"விடுங்க தம்பி. அது பாட்டுக்கு வரட்டும்."

கீழே டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். லேத்தை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.