டோரீன் பங்களாவைப் பழக்கிய கதை

டோரீன் சைப்பிரஸுக்குப் போனது வீட்டு வேலைக்கு. ஆறு வருடம் கழித்துத் தன் மலைநாட்டு ஊரான கொட்டகலையில் வந்து இறங்கியபோது அவர் நாய் பழக்குகிறவர் ஆகியிருந்தார். அங்கே அவருடைய எஜமானி மரியாவுக்கு அதுதான் தொழில். முதலில் டோரீன் நாய்க்கூண்டுதான் கழுவினார். மூன்று பேரைக் கடித்த நாயொன்று டோரீனின் காலடியில் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்த மரியா, துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. நாய் சரியாக ஒன்றைச் செய்தால் அந்த நொடியே ஏதாவது கொடுக்க வேண்டும். தவறாகச் செய்தால் கண்டுகொள்ளக் கூடாது. படிப்பு இவ்வளவுதான். பொறுமை வருவதற்குத்தான் ஆறு வருடம் பிடித்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இதைச் சொன்னதும் சிரிக்காதவர் இல்லை. "நாய்க்கு டியூசனா?" என்றார் பக்கத்து வீட்டு வீரம்மா. கணவர் அன்டன் மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய ஆட்டோவின் பின்னால் 'அடிக்காமல் நாய் பழக்கித் தரப்படும்' என்று எழுதி வைத்தார். முதல் மழையிலேயே 'நாய்' மட்டும் கரைந்துபோனது. இரண்டு பெண்கள் தங்கள் புருஷன்மாரைப் பழக்கித் தர முடியுமா என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

உண்மையான வேலை வந்தது தோட்டத்துப் பங்களாவிலிருந்து. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் நாய் பிரின்ஸ், கொழுந்து எடுக்கப் போகும் பெண்களைக் கண்டாலே பாய்ந்தது. ஒருநாள் நாகலெட்சுமி நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த முரட்டுப் படங்கில் பாதியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பெண்கள் மலைக்குப் போகவில்லை. பங்களா வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் டோரீனுக்கு ஆள் வந்தது.

துரை கெட்ட மனிதர் அல்ல. குரல்தான் பிரச்சினை. மலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடும் குரல் அது. அதே குரலில்தான் சாப்பாட்டு மேசையில் உப்பும் கேட்பார்.

பங்களாக் காவலுக்கு இருந்த வாச்சர் சோலைமலை ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் கம்புமாகப் பிரின்ஸை இழுத்து வந்தார்.

"மொதல்ல அந்தக் கம்ப வச்சிருங்கண்ணே."

"கம்பு இல்லாட்டி என்னையே கடிச்சிரும்மா!"

"கம்பு இருக்கிறதாலதாங்க கடிக்குது."

கம்பைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, டோரீன் நாய்க்கு முதுகைக் காட்டிப் புல்லில் உட்கார்ந்தார். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது அவித்த ஈரல் துண்டொன்றைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் போடுவார். அவ்வளவுதான்.

"வேலை எப்ப தொடங்குறது?" என்று விறாந்தையிலிருந்து துரை முழங்கினார்.

"தொடங்கி ரெண்டு நாளாச்சுங்க சேர்."

படங்கின் சரசரப்புதான் பிரின்ஸை மிரட்டுகிறது என்று மூன்றாம் நாள் டோரீன் கண்டுபிடித்தார். தானே ஒரு படங்கைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நடந்தார். ஒரு சரசரப்புக்கு ஒரு துண்டு ஈரல். நாளுக்கு நாலடி கிட்டே வந்தார். பன்னிரண்டாம் நாள் பிரின்ஸ் தானாக வந்து அந்தப் படங்கின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அடுத்து நாகலெட்சுமியைக் கூப்பிட்டார்.

"நான் வாரேன்க்கா. ஆனா அது என்னைக் கடிச்சா, நான் ஒங்களைக் கடிப்பேன்."

யாரும் யாரையும் கடிக்கவில்லை. மூன்றாவது வாரம் பெண்கள் பங்களாப் பாதையால் போகும்போது பிரின்ஸ் வாலாட்டிக்கொண்டு கூடவே போனது.

துரையிடம் மட்டும் அது போகவில்லை. "பிரின்ஸ்! உக்காரு!" என்று அவர் கத்தியதும் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"பாருங்க, இது ஒண்ணும் பழகல!"

"நாய் பழகிருச்சுங்க சேர். நீங்கதான் இன்னும் பழகல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று டோரீனுக்கே உறைத்தது. சமையற்காரர் பிஸ்கட் தட்டை மேசையில் வைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். துரையின் முகம் சிவந்தது.

"அப்ப நான் என்னா செய்யணும்?" என்று அவர் கத்தினார்.

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துரை இன்னொரு முறை கத்தினார். டோரீன் திரும்பவில்லை. கடைசியில் துரை களைத்துப்போய், "நான் என்னா செய்யணும், சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நொடியே டோரீன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"இப்ப கேட்டீங்களே சேர், இப்பிடித்தான்!" என்று பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். துரையும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

ஆட்டோவில் திரும்பும் வழியில் டோரீன் நடந்ததைச் சொன்னார். அன்டன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இனி இந்தப் பங்களாப் பக்கம் நான் ஆட்டோ கொண்டு வரலாமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

வரலாம் என்றே ஆனது. நாய்க்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது, துரைக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் கூடியிருக்க, அவர் சாதாரணக் குரலில் வேலை பிரித்துக் கொடுக்க, கூட்டம் பயந்துவிட்டது.

"தொரைக்குத் தொண்டையில என்னமோ வந்திருச்சு போல."

கங்காணி முத்துலிங்கம் தன் வீட்டிலிருந்து கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொடுத்தனுப்பினார். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்காமல் ஆறு பேர் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து எல்லாரும் கிட்டே வந்து நின்று கேட்டார்கள்.

போன வருடம் அந்தத் துரைக்கு றொசல்ல பக்கம் மாற்றலானது. சாமானெல்லாம் ஏற்றிய பிறகு பிரின்ஸ் ஜீப்பிலிருந்து குதித்து நாகலெட்சுமியிடம் ஓடியது. "போய்த் தொலையேன், சனியனே" என்று அவர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படங்கு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதிய துரைக்கு நாய் இல்லை. குரல் மட்டும் பழையவருடையதை விடப் பெரிது. நான்கே நாளில் நாகலெட்சுமி ஐந்தாறு பெண்களோடு டோரீன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரு தடவ வந்து பாருங்களேன்க்கா."

"நாய் இல்லாத வீட்டுக்கு என்னான்னு சொல்லிக்கிட்டு வாரது?"

வீரம்மாவின் நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பால் மறந்ததும், அதில் ஒன்றுக்குக் கழுத்தில் பூமாலை போட்டு, வரவேற்பு என்று சொல்லிப் புதிய துரையின் கையில் கொடுத்தார்கள். துரை சந்தோஷத்தில் பெரிதாகச் சத்தம் போட, குட்டி அவருடைய சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டது.

மூன்றாம் நாள் டோரீனின் போன் அடித்தது. ஹலோ என்றவர், மறுமுனையில் புதிய துரையின் குரல் முழங்கத் தொடங்கியதும் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தக் குரல் தணியட்டும் என்று, வெளியே மழை விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.