மெற்றில்டா அக்கா பிழையாகப் படித்த மொழி

செய்தியைச் சொன்னவர் மெற்றில்டா அக்காவின் கணவர். மகளை நேர்சரியில் விட்டுவிட்டு பலேர்மோவின் ஒரேத்தோ வீதியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். "மெற்றில்டா போட்டா, பிள்ளை" என்றார். அன்று வியாழக்கிழமை, அக்கா வேலைக்குப் பகேரியா போகும் நாள். "பகேரியாவுக்கோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான், அக்கா இறந்துவிட்டார் என்று விளங்கியது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் அவர்தான். பிந்தித்தான் எழுதுகிறேன்.

வியா மக்வேதா என்ற பெரிய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் உள்ள ஒரு விடுதியில் நானும் அக்காவும் ஐந்து வருடம் ஒன்றாக அறைகள் துப்புரவாக்கினோம். தான் மொழி படித்த கதையை அவர் அங்குதான் சொன்னார். மன்னாரில் இருந்து வந்த புதிதில், படுக்கையில் கிடந்த ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, பராமரிக்கும் வேலை கிடைத்ததாம். வெளியே தலை காட்டாமல் இரண்டு வருடம் அவரிடமே இத்தாலியன் படித்தார். பிறகு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போய் மணிமணியாகப் பேச, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டார். சிஞ்ஞோரா ஆர்ஜென்ரீனாவில் பிறந்து வளர்ந்தவர். அக்கா படித்தது ஸ்பானிஷ்.

"பிழையான பஸ்ஸிலை ஏறி, யன்னல் சீற்றும் பிடிச்சு, ரெண்டு வருசம் வடிவாப் போயிருக்கிறன்" என்று கட்டில் விரிப்பை உதறியபடி சிரிப்பார்.

சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரு கிற்றாரும் பழைய புளூஸ் இசைத்தட்டுகளும் இருந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த பாட்டு அது. ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பவும் பாடி, மூன்றாவதாக அதற்கொரு பதில் பாடுவார்கள். அந்த இரண்டு வருடத்துக்குள் மன்னாரில் அக்காவின் தாய் இறந்துபோனார். பெர்மெஸ்ஸோ இல்லாததால் போக முடியவில்லை. சிஞ்ஞோராவின் கட்டிலருகே இருந்து, தெரிந்த கொஞ்ச ஸ்பானிஷில் ஒரு பாட்டுக் கட்டினார். 'அம்மா கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், நான் வரவில்லை.' மறுபடியும் அதே வரி. பிறகு, 'யாராவது கதவைச் சாத்துங்கள், அம்மாவுக்குக் குளிரும்.'

"மன்னாரிலை எங்கை அக்கா குளிர்?" என்று கேட்டேன்.

"அங்கை வாறது உப்புக்காத்து. அதுக்குச் சொல் தெரியேல்லை. சிஞ்ஞோராவுக்கு எப்பவும் குளிர். அந்தச் சொல்தான் என்னட்டை இருந்தது."

மாதா கோயில் மண்டபத்தில் நத்தார் விழாவன்று அவர் அதைப் பாட எழுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முன்வரிசையில் இருந்து ஒரு அண்ணர் குரல் விட்டார். "அமெரிக்காக்காரற்றை மெட்டு, ஸ்பானிஷ்காரற்றை பாஷை. இதிலை உம்மடை எது தங்கச்சி? தமிழிலை ஒண்டு எடுத்து விடும்!"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அழுகை என்ரை, அண்ணை" என்றார் அக்கா. "மிச்சம் இரவல்தான். பாடிப்போட்டுத் திருப்பிக் குடுக்கிறன்."

பாடினார். முதல் வரி இரண்டாம் தரம் வந்தபோது, ஒரு சொல்லும் விளங்காத சனம் மூக்கை உறிஞ்சத் தொடங்கியது. குரல் விட்ட அண்ணர் எழுந்து வெளியே போனார். கோபத்தில் அல்ல. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

ஏன் தமிழில் கட்டவில்லை என்று அடுத்த நாள் நானே கேட்டேன். "தமிழிலை எனக்குச் சமாளிக்கத் தெரியும் பிள்ளை. 'சுகமா இருக்கிறன் அம்மா' எண்டு ரெலிபோனிலை எத்தினை தரம் சொன்னனான். ஸ்பானிஷிலை பொய் சொல்லுற அளவுக்கு என்னட்டைச் சொல் இல்லை."

இந்தப் பலேர்மோவில் அப்படி ஒருத்தி எங்களில் இருந்தாள் என்று நான் யாருக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

என் மகளுக்கு நாலு வயது. நேர்சரிக்குப் போகமாட்டேன் என்று காலையில் அழுவாள். அழுகை முழுக்க இத்தாலியனில். தமிழை விட்டுவிடுவாளோ, எனக்குப் பிறத்தியாகிவிடுவாளோ என்ற பயத்தில் "தமிழிலை சொல்லு" என்று அதட்டுவேன். உடனே வாயை மூடிக்கொள்வாள். அழுகிறவர் எந்த மொழியில் பொய்யில்லாமல் அழ முடியுமோ அதிலேயே அழட்டும் என்பதுதான் அக்காவிடம் இருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது. போன கிழமை அதட்டாமல், பக்கத்தில் இருந்து கேட்டேன். மத்தியானம் மற்றப் பிள்ளைகள் நித்திரையாகிவிட, தான் மட்டும் முழித்துக் கிடப்பதாகவும், அம்மா வரமாட்டா என்று அப்போது நினைப்பதாகவும் முழுவதையும் அவளுடைய இத்தாலியனிலேயே சொன்னாள். சொல்லி முடித்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பீத்தோ, அம்மா?" என்றாள்.

"ஓம் குஞ்சு" என்றேன். "விளங்கினது."