தொட்டிக்கு நடுவுல ஒரு தட்டி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. அஞ்சு புள்ளைங்கள வளர்த்து ஆளாக்கினவ நான். ரெண்டு மீனு எனக்கு எம்மாத்திரம்?

திருப்பதி வீட்டுல என் பேத்தி சின்னக் கண்ணாடித் தொட்டியில ஒரு ஃபைட்டர் மீனும் ஒரு கௌராமியும் வளர்க்கிறா. ரெண்டுக்கும் ஆகாதுன்னு நடுவுல பிளாஸ்டிக் தடுப்பு வெச்சிருக்கா. அதப் பார்த்ததும் நகரியில நான் பொறந்த வீடு ஞாபகம் வந்துடுச்சு.

அம்மாவுக்கும் சித்திக்கும் தினம் சண்டைன்னு, இருந்த ஒரே ரூமுக்கு நடுவுல நைனா தென்னங்கீத்துத் தட்டி கட்டினாரு. வீடு பூரா பச்சை ஓலை வாசனை. அடுப்பு அம்மா பக்கம், அம்மிக்கல்லு சித்தி பக்கம். "அக்கா, கொஞ்சம் நெருப்பு குடு." "ஏன்டி, இந்த மொளகாய அரைச்சுக் குடு." ஓலைய விலக்கி விலக்கி, பத்து நாள்ல ஆளு நுழையற ஓட்டை ஆயிடுச்சு. "யாரு பிச்சது?"ன்னு நைனா கத்தினாரு. "எலி"ன்னாங்க ரெண்டு பேரும், ஒரே குரல்ல.

அந்த தைரியத்துல, பேத்தி காலேஜுக்குப் போனதும் தடுப்ப உருவிட்டேன். ஃபைட்டரு செவுள விரிச்சிக்கினு பாய்ஞ்சு கௌராமி வாலுல பாதிய பிச்சிடுச்சு. பதறிப்போயி கௌராமிய தொட்டித் தண்ணியோட சொம்புல அள்ளினேன். உயிரோடதான் கீது.

பேத்திகிட்ட வாயால சொல்லக் கூச்சமா இருந்தது, இந்தத் தாள்ல எழுத்துக்கூட்டி எழுதிட்டேன். வந்துட்டியா கண்ணு? மொதல்ல இதப் படி, அப்புறம் தொட்டியப் பாரு.